சேகா சாட்டர்னின் நினைவகப் பேட்டரி: அது எதைக் காக்கிறது, எப்படி மாற்றுவது

சேகா நிறுவனத்தின் பழைய வீடியோ விளையாட்டுக் கருவியான சாட்டர்ன் கன்சோல் ஒன்றை நெடுநாள் கழித்து இயக்கும்போது, விளையாட்டு தொடங்கும் முன்பே அது மொழியையும் தேதியையும் நேரத்தையும் கேட்டு நிற்குமானால், அதன் உள்ளே இருக்கும் நாணய வடிவப் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பெரும்பாலும் முடிவு செய்துவிடலாம். கேட்ட விவரங்களைக் கொடுத்தால் அது வழக்கம்போல் இயங்கும். ஆட்டத்தை இடையில் சேமிக்கவும் அனுமதிக்கும். ஆனால் மின்சாரத்தை அணைத்துவிட்டு மறுநாள் இயக்கினால் அதே கேள்விகள் மீண்டும் வரும், முந்தைய நாள் சேமித்த ஆட்டமும் இருக்காது. கருவியே பழுதாகிவிட்டது என்று எண்ணி அதைக் கழித்துக்கட்டிவிடுபவர்கள் உண்டு. உண்மையில் திருகாணி ஒன்றைக்கூடக் கழற்றாமல், சில நிமிடங்களில், எளிதில் கிடைக்கும் ஒரு பேட்டரியைக் கொண்டு சரிசெய்துவிடக்கூடிய குறை இது.

மாற்றுவது இவ்வளவு எளிது என்பதாலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. தீரும் நிலையில் இருக்கும் பேட்டரியை யோசிக்காமல் வெளியே எடுத்தால், அதுவரை அது காத்துவந்த சேமிப்புகள் அனைத்தும் அந்தக் கணத்திலேயே அழிந்துவிடும். ஆகவே எந்தப் பழைய விளையாட்டுக் கருவியானாலும், பேட்டரியைத் தொடும் முன் அது எதற்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சில கருவிகளில் அது சேமித்த ஆட்டங்களைக் காக்கிறது. சிலவற்றில் கடிகாரத்தை மட்டும் ஓட்டுகிறது. சாட்டர்னில் இரண்டையும் செய்கிறது.

நினைவகத்துக்கு ஏன் பேட்டரி?

சாட்டர்ன் ஜப்பானில் 1994 நவம்பர் 22 அன்று விற்பனைக்கு வந்தது. அதன் விளையாட்டுகள் குறுந்தகடுகளில் வந்தன. அச்சிட்ட குறுந்தகட்டில் புதிதாக எதையும் எழுத முடியாது என்பதால், விளையாடுபவர் எந்தக் கட்டம் வரை வந்திருக்கிறார், என்னென்ன பொருள்களைச் சேர்த்திருக்கிறார் என்பன போன்ற விவரங்களை வேறோர் இடத்தில் வைக்க வேண்டியிருந்தது. சேகா அந்த இடத்தைக் கன்சோலின் உள்ளேயே அமைத்தது: 32 கிலோபைட் அளவுள்ள நினைவகச் சில்லு ஒன்று. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படத்தைக்கூட அதில் அடக்க முடியாது என்றாலும், பல விளையாட்டுகளின் சேமிப்புகளை ஒருங்கே வைத்துக்கொள்ள அந்நாளில் அது போதுமானதாக இருந்தது.

அந்தச் சில்லு நிலை நினைவகம் எனப்படும் வகையைச் சேர்ந்தது. பெயரில் ‘நிலை’ இருந்தாலும் மின்சாரம் இல்லாமல் அது எதையும் வைத்துக்கொள்ளாது. அதில் ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு சிறு சுற்று உண்டு. நான்கோ ஆறோ டிரான்சிஸ்டர்கள் சேர்ந்த அந்தச் சுற்றின் இரு பாதிகளும் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்து, 0 அல்லது 1 என்ற இரு நிலைகளில் ஒன்றில் நிற்கின்றன. சுவரில் உள்ள விளக்கு சுவிட்சைப் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிடலாம், அது போட்டபடியே இருக்கும். வாசலில் உள்ள அழைப்பு மணியோ விரல் அழுத்திக்கொண்டிருக்கும் வரையில்தான் ஒலிக்கும். இந்த நினைவகம் இரண்டாவது வகை. கன்சோல் இயங்கும்போது வீட்டு மின்சாரத்திலிருந்து வரும் ஆற்றல் அந்த விரலின் வேலையைச் செய்கிறது. கன்சோலை அணைத்ததும் பேட்டரி அந்த வேலையை ஏற்றுக்கொள்கிறது. 32 கிலோபைட் என்பது 2,62,144 பிட்டுகள். அத்தனை பிட்டுகளும் தம் நிலையில் நிற்க, பேட்டரி இடைவிடாமல் ஒரு மிகச்சிறு மின்னோட்டத்தை அளித்தபடி இருக்க வேண்டும்.

மின்சாரமின்றியே தகவலைக் காக்கும் ஃபிளாஷ் நினைவகம் அப்போது இல்லாமல் இல்லை. சாட்டர்னுக்குப் பதினொரு நாள் கழித்து, 1994 டிசம்பர் 3 அன்று ஜப்பானில் வெளிவந்த சோனி பிளேஸ்டேஷன், 128 கிலோபைட் ஃபிளாஷ் நினைவக அட்டையைத் தனியாக விற்கும் வழியைத் தேர்ந்தெடுத்தது. அதில் பேட்டரியே இல்லாததால் அன்று சேமித்த ஆட்டங்கள் இன்றும் பல அட்டைகளில் அப்படியே இருக்கின்றன. எனினும் வாங்கிய அன்றே, தனியாக அட்டை எதுவும் வாங்காமல் சேமிக்க முடிந்தது சாட்டர்ன் வாங்கியவருக்கு ஒரு வசதி. நிலை நினைவகத்தில் எழுதுவது விரைவானது, எத்தனை முறை எழுதினாலும் அது தேய்வதில்லை என்பனவும் அதன் பக்கம் நின்ற காரணங்கள். முப்பது ஆண்டுகள் கழித்தும் யாரோ ஒருவர் தன் சேமிப்பைத் தேடுவார் என்ற கணக்கு அன்றைய வடிவமைப்பில் இடம்பெற்றிருக்க வாய்ப்பில்லை.

பேட்டரியால் சேமிப்பதும் ஒரு காலத்தில் புதுமையாகத்தான் இருந்தது. அதற்கு முன் பல விளையாட்டுகள், நிறுத்தும்போது ஒரு நீண்ட கடவுச்சொல்லைத் திரையில் காட்டும். அதைத் தாளில் எழுதிவைத்து அடுத்த முறை பிழையின்றி உள்ளிட வேண்டும். 1986இல் ஜப்பானில் வந்த ‘டிராகன் குவெஸ்ட்’ இப்படித்தான் இயங்கியது. அதுவே 1989இல் அமெரிக்காவுக்குச் சென்றபோது, கேட்ரிட்ஜ் எனப்படும், கருவியில் செருகும் விளையாட்டுப் பெட்டியின் உள்ளே ஒரு பேட்டரியைச் சுமந்து சென்றது.

ஒரு பேட்டரி எத்தனை ஆண்டுகள் வரும்?

சாட்டர்னில் இருப்பது சிஆர்2032. கணினியின் தாய்ப்பலகையிலும், எடை பார்க்கும் கருவிகளிலும், வாகனச் சாவிகளிலும் பயன்படும் அதே பேட்டரிதான். பெயரிலேயே அதன் விவரம் அடங்கியிருக்கிறது: முதலெழுத்து லித்தியம்-மாங்கனீசு டைஆக்சைடு வகையைக் குறிக்கிறது, இரண்டாவது எழுத்து வட்ட வடிவத்தைக் குறிக்கிறது, 20 என்பது மில்லிமீட்டரில் விட்டம், 32 என்பது 3.2 மில்லிமீட்டர் தடிமன். இந்தக் குறிமுறை தெரிந்தால், சிஆர்2025 அதே அகலமுள்ள மெலிந்த பேட்டரி என்பதும், சிஆர்1616 இரண்டிலும் சிறியது என்பதும் தாமாகவே விளங்கும். மூன்றும் 3 வோல்ட் தருபவை, கொள்ளளவில்தான் வேறுபாடு.

சிஆர்2032இன் கொள்ளளவு ஏறக்குறைய 220 மில்லிஆம்பியர்-மணி. அதிலிருந்து தொடர்ந்து ஒரு மைக்ரோஆம்பியர் மின்னோட்டத்தை எடுத்தால் 2,20,000 மணி நேரம், அதாவது கணக்கின்படி ஏறத்தாழ 25 ஆண்டுகள் வரும். பத்து மைக்ரோஆம்பியர் எடுத்தாலோ இரண்டரை ஆண்டுகளில் தீர்ந்துவிடும். இரண்டுமே மிகச்சிறு அளவுகள்தாம் என்றாலும், ஒரு பேட்டரியின் ஆயுள் கால் நூற்றாண்டா, இரண்டரை ஆண்டா என்பதை இந்த வேறுபாடே முடிவு செய்கிறது. நினைவகத்தை மட்டும் காக்கும் கேட்ரிட்ஜ்களில் இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் தொழிற்சாலையில் பொருத்திய பேட்டரி இன்றும் உயிரோடு இருப்பதைக் காணலாம். சாட்டர்னிலோ அதே பேட்டரி நினைவகத்தோடு, நேரத்தைக் கணக்கிடும் ஒரு சிறு கட்டுப்பாட்டுச் சில்லையும் தாங்க வேண்டியிருக்கிறது; அதனால் சில ஆண்டுகளிலேயே தீர்ந்துவிடுவது வழக்கம். சாட்டர்ன் வைத்திருப்பவர் பேட்டரி மாற்றுவதை அரிய பழுதாகக் கருதாமல், அவ்வப்போது செய்யவேண்டிய பராமரிப்பாகவே எடுத்துக்கொள்வது நல்லது. பேட்டரியைப் பயனரின் கைக்கு எட்டும் இடத்தில் சேகா வைத்ததும் இதற்கு இசைவாகவே இருக்கிறது.

லித்தியம் பேட்டரிக்கு இன்னொரு குணமும் உண்டு. அதன் மின்னழுத்தம் ஆயுளின் பெரும்பகுதியில் 3 வோல்ட்டை ஒட்டியே நின்று, முடிவு நெருங்கும்போது மளமளவென்று சரிந்துவிடும். இத்தகைய நினைவகச் சில்லுகள் தகவலைக் காத்துக்கொள்ள 2 வோல்ட் அளவிலாவது தேவைப்படும். அதற்குக் கீழே போனால் எந்த பிட் எந்த நிலையில் நிற்கும் என்று சொல்ல இயலாது. போன வாரம் நன்றாக இருந்த சேமிப்பு இந்த வாரம் முற்றிலும் காணாமல் போவது இதனால்தான். மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டரில் புதிய பேட்டரி 3.2 வோல்ட்டுக்கு அருகில் காட்டும். பயன்பாட்டில் இருக்கும் பேட்டரி 2.8க்குக் கீழே வந்துவிட்டால் அதை மேலும் நம்புவதில் பொருளில்லை. எந்தச் சுமையும் இல்லாமல் அளக்கும்போது களைத்த பேட்டரியும் சற்று உயர்வாகவே காட்டும் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

மாற்றும் முறை

சேமிப்புகள் ஏற்கெனவே அழிந்துவிட்டன என்றால் இழப்பதற்கு ஒன்றுமில்லை. நேராகப் பேட்டரியை மாற்றிவிடலாம். பேட்டரி இன்னும் உயிரோடு இருந்து, காக்க வேண்டிய சேமிப்புகளும் இருந்தால், முதலில் அவற்றைப் படியெடுக்க வேண்டும். இதற்குச் சாட்டர்னின் மேற்புறத்தில் உள்ள செருகு பள்ளத்தில் பொருத்தும் நினைவகக் கேட்ரிட்ஜ் ஒன்று தேவை. கன்சோலை அணைத்த நிலையில் கேட்ரிட்ஜைச் செருகி, குறுந்தகடு எதுவும் இல்லாமல் இயக்கினால், இசைத்தட்டு ஒலிக்கும் கட்டுப்பாட்டுத் திரை தோன்றும். அங்கிருந்து நினைவக மேலாண்மைப் பகுதிக்குச் சென்று, உள் நினைவகத்தில் உள்ள சேமிப்புகளைக் கேட்ரிட்ஜுக்குப் படியெடுக்கலாம். இந்தச் செருகு பள்ளத்தின் தொடுமுனைகள் காலப்போக்கில் தளர்ந்தும் அழுக்கேறியும் கேட்ரிட்ஜை அடையாளம் காண மறுப்பது சாட்டர்ன் வைத்திருப்போர் பலரும் அறிந்த தொல்லை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் கேட்ரிட்ஜின் தொடுமுனைகளைத் துடைத்து, நன்கு உலர்ந்த பிறகு மீண்டும் செருகிப் பார்த்தால் பெரும்பாலும் சரியாகும். படியெடுத்து முடித்ததும், ஒவ்வொரு சேமிப்பும் கேட்ரிட்ஜின் பட்டியலில் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த படிக்குச் செல்ல வேண்டும். இங்கே அவசரப்படுவதால் எந்த நன்மையும் இல்லை.

கேட்ரிட்ஜ் இல்லாதவர்கள் பின்பற்றும் மற்றொரு வழி, கன்சோல் இயங்கிக்கொண்டிருக்கும்போதே பேட்டரியை மாற்றுவது. அப்போது நினைவகத்துக்கான மின்சாரம் கன்சோலின் மின்வழங்கியிலிருந்து வருவதால், பேட்டரி இல்லாத சில நொடிகளில் தகவல் அழியாது என்பதே இதன் அடிப்படை. கருத்தளவில் இது சரியானதே. ஆனால் இயங்கும் கருவிக்குள் உலோகப் பொருளோடு கையை நுழைப்பதைத் தொடக்கநிலையில் உள்ளவருக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். முள்ளிடுக்கி ஒருமுறை வழுக்கி இரு தொடுமுனைகளை இணைத்துவிட்டால், சேமிப்பு மட்டுமன்றி வேறு பலவும் போகக்கூடும்.

இனி மாற்றும் வேலை. கன்சோலை அணைத்து, மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். கன்சோலின் பின்புறத்தில் சிறிய மூடி ஒன்று இருக்கும். திரைப்படத் தகடுகளைப் பார்ப்பதற்கான கூடுதல் அட்டையைப் பொருத்துவதற்காக அமைக்கப்பட்ட அறை அது. பேட்டரியும் அதற்குள்ளேயே இருக்கிறது. மூடியைத் திறந்ததும் பேட்டரியை எடுக்காமல், கூட்டல் குறி பொறித்த முகம் எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறது என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு புகைப்படம் எடுத்துவைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. பிறகு மரக்குச்சியாலோ பிளாஸ்டிக் முனையாலோ மெல்ல நெம்பிப் பேட்டரியை வெளியே எடுக்கலாம். உலோகத் திருப்புளியைத் தவிர்ப்பது நலம்: அது பேட்டரியின் இரு முகங்களையும் ஒருசேரத் தொட்டால் குறுக்குச்சுற்று ஏற்படும்; பிடிப்புத் தகட்டை வளைத்துவிட்டால் புதிய பேட்டரி சரியாகத் தொடாமல் போகும். புதிய பேட்டரியை மெல்லிய துணியால் துடைத்து, விளிம்பைப் பிடித்து, பழையது இருந்த திசையிலேயே வைத்து அழுத்தினால் பொருந்திவிடும்.

குழந்தைகள் விழுங்கிவிடாமல் இருப்பதற்காக அண்மைக் காலமாகச் சில நிறுவனங்கள் பேட்டரியின் மேல் கசப்புப் பூச்சு ஒன்றைப் பூசுகின்றன. நல்ல நோக்கம்தான், எனினும் சில கருவிகளில் அந்தப் பூச்சு தொடுமுனைக்குக் குறுக்கே நின்று மின்சாரத்தைத் தடுத்துவிடுகிறது. புதிய பேட்டரி போட்டும் கன்சோல் அதே கேள்விகளைக் கேட்டால், பூச்சில்லாத ஒன்றைப் போட்டுப் பார்ப்பது பயன் தரும்.

மூடியைப் பொருத்திய பின் கன்சோலை இயக்கி, மொழியையும் தேதியையும் நேரத்தையும் ஒருமுறை அமைக்க வேண்டும். ஜப்பானியச் சந்தைக்கான சாட்டர்ன் 100 வோல்ட் மின்சாரத்துக்கு உருவாக்கப்பட்டது. இந்தியா, இலங்கை போன்ற 230 வோல்ட் நாடுகளில் அதற்கேற்ற மின்மாற்றி இல்லாமல் அதைச் செருகினால் கன்சோலே கெட்டுவிடக்கூடும், பிறகு பேட்டரியைப் பற்றிக் கவலைப்படும் தேவையே இராது. அமைத்து முடித்ததும், கேட்ரிட்ஜில் உள்ளவற்றை உடனே திருப்பிப் படியெடுக்காமல், ஏதேனும் ஒரு விளையாட்டில் புதிய சேமிப்பு ஒன்றை உருவாக்கி, கன்சோலை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, ஓர் இரவு விட்டுவைத்துப் பார்க்க வேண்டும். மறுநாள் கேள்விகள் எழாமல், சேமிப்பும் இருந்தால் வேலை முடிந்தது. பழைய சேமிப்புகளைத் திருப்பி எழுதலாம்.

மற்றக் கருவிகளில் இதே முறை பொருந்துமா?

பொருந்தாது என்பதே சுருக்கமான விடை. நின்டென்டோ கேம் பாய் கேட்ரிட்ஜ்களில் பேட்டரி சுற்றுப்பலகையில் பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றைத் திறக்க 3.8 மில்லிமீட்டர் அளவுள்ள தனிவகைத் திருப்புளி முனை வேண்டும். பேட்டரியின் இரு முகங்களிலும் தகட்டுக் கால்கள் ஒட்டியிருக்கும். மாற்றுவதற்கும் தொழிற்சாலையிலேயே கால்கள் ஒட்டப்பட்ட பேட்டரியையே வாங்க வேண்டும். சாதாரணப் பேட்டரியின் முகத்தில் நேரடியாகப் பற்றவைக்க முயன்றால், அந்த வெப்பத்தில் அது கெட்டுப்போகவோ வெடிக்கவோ கூடும். 1999இல் ஜப்பானில் வந்த ‘போக்கிமான் கோல்ட்’, ‘சில்வர்’ கேட்ரிட்ஜ்களில் பேட்டரி சேமிப்போடு கடிகாரத்தையும் ஓட்டுவதால், கடிகாரம் இல்லாத கேட்ரிட்ஜ்களைவிட அவற்றின் பேட்டரி விரைவாகத் தீர்கிறது. இவற்றில் சேமிப்பைக் காக்க விரும்புபவர், பற்றவைப்புக் கோலை எடுக்கும் முன், கேட்ரிட்ஜைக் கணினியோடு இணைத்துப் படிக்கும் சிறு கருவி ஒன்றால் சேமிப்பைக் கோப்பாக எடுத்துவைத்துக்கொள்ளலாம்.

அடுத்து 2002இல் வந்த ‘போக்கிமான் ரூபி’, ‘சஃபையர்’ இரண்டும் வேறு மாதிரி. பேட்டரி தீர்ந்ததும், உள் பேட்டரி தீர்ந்துவிட்டது, விளையாடலாம், ஆனால் நேரத்தைச் சார்ந்த நிகழ்வுகள் இனி நடக்கா என்று விளையாட்டே அறிவிக்கும். அதைப் பார்த்துப் பதறத் தேவையில்லை. அவற்றின் சேமிப்பு ஃபிளாஷ் நினைவகத்தில் இருக்கிறது. பேட்டரி கடிகாரத்துக்கு மட்டுமே. விளையாட்டுக்குள் விதைத்த பழச்செடிகள் வளராமல் நிற்குமே தவிர, சேமித்த ஆட்டம் எங்கும் போகாது. செடி வளராதது ஒரு பொருட்டில்லை என்றால் அதைத் திறக்காமலேயே விட்டுவிடலாம்.

எச்சரிக்கையோடு அணுக வேண்டியது சேகாவின் அடுத்த கன்சோலான, ஜப்பானில் 1998இல் வெளிவந்த ட்ரீம்காஸ்ட். அதன் சேமிப்புகள் கட்டுப்பாட்டுக் கருவியில் செருகும் தனி நினைவக அலகில், ஃபிளாஷ் நினைவகத்தில் உள்ளன. கன்சோலின் உள்ளே உள்ள பேட்டரி தேதியையும் நேரத்தையும் மட்டுமே காக்கிறது. ஆனால் அது மீண்டும் மின்னேற்றக்கூடிய எம்எல்2032 வகை. கன்சோல் இயங்கும்போதெல்லாம் அதற்கு மின்னேற்றம் நடக்கும். அளவும் தோற்றமும் ஒன்றாக இருக்கின்றனவே என்று அங்கே சிஆர்2032ஐப் பொருத்திவிட்டால், மின்னேற்றத்தைத் தாங்காத பேட்டரிக்குள் மின்சாரம் பாய்ந்து அது கசியவோ வெடிக்கவோ வழியுண்டு. எண்கள் ஒத்திருப்பதை வைத்து முடிவெடுக்காமல் முதல் இரண்டு எழுத்துகளையும் பார்க்க வேண்டும்.

நியோ ஜியோ எம்விஎஸ் எனப்படும், காசு போட்டு விளையாடும் கூடங்களின் இயந்திரங்களுக்கான சுற்றுப்பலகைகளில் இருப்பது நிக்கல்-காட்மியம் பேட்டரி. அதில் தீர்ந்துபோவதைவிடக் கசிவதே பெரிய கேடு. காரத்தன்மையுள்ள அந்தக் கசிவு சுற்றுப்பலகையின் செம்புப் பாதைகளை அரித்துவிடும். அத்தகைய பலகையை வாங்குபவர், இயக்கிப் பார்ப்பதற்கும் முன்பாகப் பேட்டரியைச் சுற்றிப் பச்சையோ வெண்மையோ பூத்திருக்கிறதா என்று பார்த்து, அந்தப் பேட்டரியை அகற்றிவிட வேண்டும்.

கழற்றிய லித்தியம் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று எண்ணி மேசைமேல் விட்டுவைக்கக் கூடாது. கன்சோலுக்குப் போதாத அந்த மிச்ச மின்னழுத்தம், அதை விழுங்கிய ஒரு குழந்தையின் உணவுக்குழாயை இரண்டு மணி நேரத்துக்குள் கடுமையாகப் புண்ணாக்கப் போதுமானது. இரு முகங்களையும் ஒட்டுநாடாவால் மூடி, மின்னணுக் கழிவுகளைப் பெறும் இடத்தில் கொடுத்துவிட வேண்டும். சாட்டர்னைப் பொறுத்தவரை, பேட்டரி மாற்றிய மாதத்தையும் ஆண்டையும் ஒரு சிறு தாளில் எழுதிப் பின்மூடியின் உட்புறம் ஒட்டிவைத்து, இரண்டு ஆண்டுகள் ஆனதும், கன்சோல் கேள்வி கேட்கத் தொடங்கும் வரை காத்திராமல், சேமிப்புகளைப் படியெடுத்துவிட்டு அடுத்த பேட்டரியைப் போட்டுவிடலாம்.